அடித்தல் திருத்தலுடன்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு கடிதப் பயிற்சி உண்டு. மாநில அளவில் நடந்த ‘மரம் இயற்கையின் வரம்’ என்ற கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற நண்பனை வாழ்த்தி மடல் எழுத வேண்டும். பொதுத்தேர்வில் வந்தால் 5 மதிப்பெண். தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் இதை எழுதுகிறார்கள், தம்மம்பட்டிப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்து அதைத் திருத்தும்போது ஒரு மாதிரியாக இருக்கும். பள்ளி விட்டுத் தெருவில் இறங்கினால் மரச்சிற்பப் பட்டறைகள். அரைகுறையாக முகம் வந்த பிள்ளையார், கால் பொருத்தாத கோயில் குதிரை வாகனம், தசாவதாரம் செதுக்கிய நிலைக்கதவு, எங்கு பார்த்தாலும் வாகை மரத்தூள். ஈரம் காயாத மரத்தை அவசரப்பட்டு எடுத்தால் வெடிப்பு விடும், நார் போகிற திசைக்கு எதிராக உளி வைத்தால் சிலாம்பு பெயரும் என்பதெல்லாம் பட்டறை வீட்டுப் பிள்ளைக்கு ஏழு வயதிலேயே தெரியும். அந்தப் பிள்ளைதான் மரம் காற்றைத் தருகிறது, மழையைத் தருகிறது, நிழலைத் தருகிறது என்று எழுதிக் கொடுத்து முழு மதிப்பெண் வாங்குகிறது. தந்தையின் பட்டறையில் மரம் வேறு ஏதோ ஒன்றாகவும் ஆகிறது என்பது அந்த மடலுக்குள் எங்குமே வராது.

இதற்குத் தேர்வுக்கு உதவும் உரைநூலைக் குறை சொல்லி ஒன்றுமில்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனார் எழுதிப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை பல தலைமுறைகளைத் தேர்வறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறது. வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு உரைநூல்தான் ஆள். எனக்கு உறுத்துவது இன்னொரு கேள்வி: ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக.’ ஒரு படத்தைக் கொடுத்து, பார்த்ததைச் சில வரிகளில் எழுதச் சொல்கிறார்கள். அதற்கும் 5 மதிப்பெண். தேர்வு முறையில் இருப்பதிலேயே நல்ல கேள்வி இது. பிள்ளை தன் கண்ணை நம்பி எழுதும்படியான ஒரே கேள்வியும்கூட. அதற்கும் நாம் வழி கண்டுபிடித்துவிட்டோம். எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற வரிகளை எழுதி, மெல்லக் கற்கும் பிள்ளைகளிடம் மனப்பாடத்துக்குக் கொடுப்பது பள்ளிகளில் சர்வசாதாரணம். காட்சியைக் காணாமலே கவினுற எழுதிவிடலாம்! தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கொடுத்த ஆசிரியரைப் பழிக்க மாட்டார்கள். நானும் பழிக்கவில்லை.

வாசிக்கக் கற்றுத்தர எனக்குத் தெரியும். இலக்கணமும் செய்யுளும் ஓரளவு தெரியும். எழுதக் கற்றுத்தரத் தெரியுமா என்ற கேள்வி பணிக்காலத்தின் பின்பாதியில்தான் வந்தது. வந்ததும் அலமாரியைத்தான் முதலில் பார்த்தேன். அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’, மொழி அறக்கட்டளைக்காரர்களின் ‘தமிழ் நடைக் கையேடு’, க்ரியா அகராதி. மூன்றும் இல்லாமல் என்னால் ஒரு நாளும் ஓட்ட முடியாது. ஆனால் மூன்றும் வேலையைத் தொடங்குவது வாக்கியம் ஒன்று தாளில் வந்து உட்கார்ந்த பிறகுதான். ஒற்று மிகுமா, எழுவாயும் பயனிலையும் இசைந்தனவா, இந்தச் சொல் இந்த இடத்தில் வழங்குமா என்று சொல்லும். அந்த வாக்கியம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. அது அவற்றின் வேலையும் அல்ல. எங்கள் வேலை. நாங்களோ அந்த மூன்று நூல்களும் செய்கிற வேலையையே சிவப்பு மையில் செய்துகொண்டிருக்கிறோம். அறிவொளி இயக்கத்தில் பணியாற்றிய பேராசிரியர் ச. மாடசாமி ‘என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா’ என்றே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தார். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காத ஆசிரியர் யாராவது இருந்தால் ஆச்சரியம்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை என்னவெல்லாம் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கணக்கு ஆசிரியர் பலகையில் கணக்குப் போடுகிறார். நடுவில் குறி மாறிவிட்டால் “இருங்கடா” என்று அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறார். ஓவிய ஆசிரியர் வரைகிறார். பி.டி. சார் ஓடிக் காட்டுகிறார். அறிவியல் ஆசிரியை அமிலத்தைச் சொட்டுவிடும்போது நிறம் மாறாமல் போய், “நேத்து நல்லா வந்துச்சே” என்று முணுமுணுக்கிறார். தமிழாசிரியர் மட்டும் எழுதிக் காட்டுவதில்லை. அவருடைய கட்டுரை முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று முழுதாக வந்து இறங்கும். சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பெரியவர் ஒருவர் ஒரு பத்தியை யோசித்து, எழுதி, பிடிக்காமல் அடித்து, மறுபடி எழுதுவதைப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் ஒரு தடவையும் காணாமலே பிள்ளை வெளியே போய்விடுகிறது. போதாக்குறைக்கு ‘அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது’ என்ற அறிவுரை வேறு. விடைத்தாளுக்கு அது சரி. எழுத்துக்கு அதைவிடக் கெடுதலான ஓர் அறிவுரை எனக்குத் தெரியாது.

நம் மரபில் இது எப்போதும் இப்படியே இருந்ததா? உ.வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு அந்தப் பகுதிகள் மறக்காது. பிள்ளையவர்கள் தலபுராணம் பாடுகிறார் என்றால் தனியறையில் கதவடைத்துக்கொண்டு எழுதுவதில்லை. மனத்தில் செய்யுளைக் கட்டி வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் ஓலையில் எழுத்தாணியால் எழுதுவார். சுற்றிலும் மற்ற மாணவர்கள். பாடம் கேட்பது, வந்தவர்களோடு பேசுவது, புராணம் பாடுவது எல்லாம் ஒரே திண்ணையில், ஒரே பகலில் நடக்கும். ஆசிரியர் இலக்கியம் ஆக்குவதை மாணவர்கள் நாள்தோறும் பார்த்தார்கள். இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத பாக்கியம் அது.

ஆனால் அதிலும் ஒன்று குறைகிறது என்று எனக்குப் படுகிறது. மாணவர்கள் கண்டது பெரும்பாலும் வேகத்தை. எழுதுகிறவரின் கை ஓய்ந்து போகுமளவுக்கு வந்த செய்யுள்வேகத்தைத்தான் சாமிநாதையர் வியந்து வியந்து சொல்கிறார். தடுமாற்றம் உள்ளே நடந்திருக்கலாம், வெளியே வந்தது முடிந்த செய்யுள். அந்த வியப்பு மாணவனை ஆசிரியரின் காலில் விழ வைக்கும், அவனை எழுத வைக்குமா என்பது சந்தேகம். சாமிநாதையர் பின்னாளில் ஆனது அவருடைய ஆசிரியரைப் போன்ற புராணக் கவிஞராக அல்ல. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, முகவுரை எழுதி எழுதி அவருக்கு ஓர் உரைநடை அமைந்தது. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிடும்போது 1930கள் பிறந்துவிட்டன, தன் வரலாறு ஆனந்த விகடனில் தொடராக வரும்போது அவருக்கு எண்பது கடந்திருந்தது. அந்த உரைநடையை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஏடுகளின் அடித்தல் திருத்தல்களோடு மல்லுக்கட்டித் தானாகக் கற்றார். ஒரு சாமிநாதையருக்கு அது நடக்கும். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு முழுவதற்கும் நடக்காது.

தம்மம்பட்டியில் எழுத்தைப் பற்றிப் பேசினால் யாராவது ஒருவர் சிற்பத்தைக் கொண்டுவந்து விடுவார். வேண்டாததை நீக்கினால் சிலை, வேண்டாததை வெட்டினால் கதை என்பார்கள். இலக்கியக் கூட்டங்களில் கைதட்டு வாங்கும் பேச்சு இது. பட்டறையில் அரைமணி நேரம் நின்றால் அந்தப் பேச்சு நிற்காது. மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். மூக்கு போனால் போனதுதான். அதனால்தான் தாளில் படம் போட்டு, பலகையில் வரைந்து, பிறகு உளியைத் தொடுகிறார்கள். எழுத்தில் எடுத்ததைத் திரும்ப வைக்கலாம், வைத்ததை வேறிடத்துக்கு மாற்றலாம், நேற்றைய முடிவை இன்றைக்குத் தொடக்கமாக்கலாம். இந்தச் சலுகை இருக்கிறது என்பதே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. முதலில் எழுதியதுதான் எழுத்து என்று நினைக்கிறார்கள்.

பட்டறையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. அங்கே கற்றுக்கொள்ள வரும் பையனுக்குத் தனியாகப் பாடம் எதுவும் நடப்பதில்லை. உப்புத்தாள் போடுவான், உளி தீட்டுவான், ஓரப் பூவேலை செய்வான். மற்ற நேரமெல்லாம் பெரியவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவர் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பலகையைத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். எதற்காக நிறுத்தினார் என்பது அவனுக்கு அப்போது புரியாது. ஆறு மாதம் கழித்து அவனே ஓரிடத்தில் நிறுத்துவான். இதைத்தான் வகுப்பில் செய்ய முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் கடைசிப் பாடவேளை. தலைப்பைப் பிள்ளைகளே கொடுக்கட்டும் என்றேன். “ஜல்லிக்கட்டு” என்று ஒரே குரலாகச் சத்தம். பொங்கல் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, எங்கள் ஊரில் வேறு என்ன தலைப்பு வரும்? பலகையில் எழுதத் தொடங்கினேன். ‘தமிழர்களின் வீர விளையாட்டுகளுள் ஒன்றாக ஜல்லிக்கட்டு திகழ்கிறது.’ எழுதிவிட்டு நின்றேன். கை தானாக எழுதிய வாக்கியம் அது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. “இது வேண்டாம்” என்று சொல்லி அடித்தேன். துடைப்பானால் அழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டேன். வகுப்பில் ஒரு சலசலப்பு. ஆசிரியர் எழுதியதை ஆசிரியரே அடிப்பது அவர்களுக்குப் புதிது. அடுத்து எழுதினேன்: ‘வாடிவாசலுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.’ ஒரு பெண் கேட்டாள், “அப்புறம் எங்க ஐயா நின்னீங்க?” ‘ஒரு லாரியின் மேல் நின்றேன்’ என்று எழுதினேன். “லாரில ஏற விட்டாங்களா?” ஏற விடவில்லை என்பதையும், தெரிந்த டிரைவர் ஒருவர் கைகொடுத்துத் தூக்கினார் என்பதையும் எழுதினேன். கேள்வி கேட்கக் கேட்கப் பத்தி நீண்டது. மாட்டைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “ஐயா, லாரியிலேருந்தே ஆரம்பிக்கலாம், மேல இருக்கற வரி சும்மா” என்றான். அவன் சொன்னது சரி. அந்த வரியையும் அடித்தேன்.

அன்றைக்குப் பிள்ளைகள் எழுதியதை நான் திருத்தவில்லை. படித்தேன், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கேள்வி எழுதினேன். அந்தப் பெண் கேட்டதைப் போன்ற கேள்வி. அப்புறம் எங்கே நின்றாய்? அண்ணன் என்ன சொன்னார்? மாட்டுக்குப் பெயர் என்ன? பதிலையும் சேர்த்து அடுத்த வாரம் எழுதி வந்தார்கள். ஒற்றுப்பிழை அப்படியேதான் இருந்தது. அதற்குத் தனி நாள் வைத்துக்கொள்ளலாம். முதலில் சொல்ல ஏதாவது இருக்கட்டும், ஒற்று பிறகு வரும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தமிழாசிரியர் கூட்டத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

இந்த வழியில் யோசிக்கிற எந்த ஆசிரியரும், அதுவும் கொல்லிமலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர், மலைக்கு அந்தப் பக்கம் நாமக்கல்லில் நடந்ததைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. பெருமாள்முருகனை நாவலாசிரியராக உலகம் அறியும். அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவராக அவரை அறிந்தவர்கள் இங்கே, நாமக்கல்லிலும் ஆத்தூரிலும்தான் இருக்கிறார்கள். விவசாயக் கூலிகள், லாரித் தொழிலாளிகள், நெசவாளிகள் வீட்டுப் பிள்ளைகள்தான் அவருடைய வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள். நாமக்கல்லில் தன் வீட்டில் ‘கூடு ஆய்வுச் சந்திப்பு’ என்று ஒரு கூட்டத்தை அவர் நடத்திவந்தார். மாணவர்கள் கட்டுரை வாசிப்பார்கள், மற்றவர்கள் விவாதிப்பார்கள். தங்கள் ஆசிரியரைப் பற்றி அந்த மாணவர்கள் எழுதிய ‘எங்கள் ஐயா’ என்ற தொகுப்பும் வந்திருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தொகுத்து 2013இல் வந்த ‘சாதியும் நானும்’. சாதியைத் தாங்கள் எங்கே, எப்படி முதலில் உணர்ந்தார்கள் என்று 32 பேர் எழுதியிருக்கிறார்கள். பலர் அதற்கு முன் எதுவும் எழுதிப் பழகாதவர்கள். அம்பை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2018இல் அது வெளியானது.

அந்த நூலை நான் சாதியைப் பற்றிய ஆவணமாக மட்டும் படிக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் என்ன கேட்டார் என்பதற்காகவும் படித்தேன். ‘சாதி ஒழிப்பில் இளைஞர்களின் பங்கு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தால் 32 பேச்சுப்போட்டி உரைகள் வந்திருக்கும். ‘நானும்’ என்ற ஒரு சொல் கூடியதும் டம்ளர் வந்தது, திண்ணை வந்தது, நண்பன் வீட்டு அடுப்படி வந்தது. ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். தங்கள் வீட்டில் கண்டதை எழுதுவது அவர்களுக்கும் எளிதாக இருந்திருக்காது. எழுத்து கற்பிப்பவரின் திறமையில் பாதி கேள்வியைக் கட்டுவதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் இல்லை.

மிச்சப் பாதியைப் பற்றிப் பேசக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. பிள்ளைகளை உள்ளதை எழுதச் சொன்னால் உள்ளது வரும். அப்பா குடித்துவிட்டு வந்த இரவு வரும். சித்தி வீட்டில் தங்க முடியாத காரணம் வரும். பதினைந்து வயது அக்காவுக்கு நிச்சயம் பேசியிருப்பது வரும். அந்தக் கட்டுரை ஏட்டில் எட்டு மதிப்பெண்ணுக்கு எத்தனை போடுவது? படித்துவிட்டு நல்ல நடை என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? சில விஷயங்களில் ஆசிரியருக்குச் சட்டப்படியே கடமை உண்டு. பாலியல் கொடுமை என்றால் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும், குழந்தைத் திருமணம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லிவிட வேண்டும், இரண்டிலும் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றவற்றில்தான் திணறல். எழுதச் சொன்ன ஆளுக்கு அதைப் படித்த பிறகு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தின் உண்மையான உபயோகமே இதுதானோ என்று சில சமயம் நினைக்கிறேன். அது பிள்ளையை எங்களிடமிருந்து காப்பாற்றுகிறது, எங்களைப் பிள்ளையிடமிருந்தும் காப்பாற்றுகிறது. இதற்காக நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஏட்டின் பின்பக்கத்தில் எழுதினால் நான் மட்டும் படிப்பேன், வகுப்பில் வாசிக்க மாட்டேன், மதிப்பெண்ணும் கிடையாது. பின்பக்கம் எழுதாதவர்களே அதிகம். எழுதுகிறவர்களுக்கு அந்த இடம் வேண்டியிருக்கிறது.

எழுதுவதற்கு விலை உண்டு என்பதையும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தன் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் அந்த விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. இந்த இடைக்காலத்திலும் அவர் ஆசிரியராக இருந்தார், வகுப்புக்குப் போனார். எழுதுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்ன ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று தமிழ் நடத்தினார் என்பதை நினைத்தால் எனக்குப் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறது. மாணவர்கள் அந்த வகுப்புகளில் என்ன கற்றிருப்பார்கள்?

உலகத்தில் வேறெங்கெல்லாமோ இதே பாட்டைப் பட்டிருக்கிறார்கள். இத்தாலியில் தஸ்கனி மலைப்பகுதியில் பார்பியானா என்று ஒரு சிற்றூர். டான் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் 1954இல் அங்கே அனுப்பப்பட்டார். அரசுப் பள்ளியில் தோற்று வெளியேறிய விவசாயிகளின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தினார். அந்தப் பையன்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அது 1967இல் புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் போனது. வெளியான அடுத்த மாதமே மிலானி இறந்துவிட்டார். எனக்குப் பிடித்தது அவர்கள் எழுதிய முறை. தோன்றுவதைத் தோன்றும்போதெல்லாம் துண்டுத் தாள்களில், ஒரு தாளுக்கு ஒரு கருத்தாக, ஒரு பக்கம் மட்டும் எழுதுவது. பிறகு எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, ஒரே விஷயத்தைச் சொல்பவற்றை ஒன்றாக்கி, மிச்சத்தை இனம் பிரித்து, வரிசை மாற்றி மாற்றி அடுக்குவது. அப்புறம்தான் வாக்கியம். தேவையில்லாத சொல்லை யார் கண்டுபிடிப்பது என்று போட்டி. பச்சைமலை, கொல்லிமலை அடிவார ஊர்களிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்கும் இது பிடித்துப்போனது. தனியாக உட்கார்ந்தால் ஓடாத பேனா, துண்டுத் தாளில் ஓடுகிறது. எட்டுப் பேர் சேர்ந்து எழுதினால் யாருக்கு மதிப்பெண் என்ற பிரச்சினை மட்டும் பார்பியானாவில் இல்லை, எங்களுக்கு உண்டு.

அமெரிக்காவில் டொனால்ட் முர்ரே என்று ஒருவர் இருந்தார். பத்திரிகைக்காரர், தலையங்கத்துக்காக 1954இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். பிறகு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பிக்கப் போனார். முடிந்த எழுத்தைக் கற்பிக்காதீர்கள், எழுதும் போக்கைக் கற்பியுங்கள் என்பதுதான் 1970களின் தொடக்கத்திலிருந்து அவர் சொல்லிவந்ததன் சாரம். தன் வரைவுகளையும் மாணவர்களுக்குக் காட்டினார். 1974இல் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே என்ற ஆசிரியர், கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களை ஒன்றாக உட்கார வைத்து எழுதச் சொன்னார். எழுதாத ஆசிரியர் எழுத்தைக் கற்பிக்க முடியாது, ஆசிரியருக்கு ஆசிரியரே நல்ல பயிற்றுநர் என்ற இரண்டு நம்பிக்கைகளில் தொடங்கிய அந்த முயற்சி பின்னர் நாடளாவிய இயக்கமாகப் பரவியது.

எங்களுக்கும் பயிற்சிகள் உண்டு. வட்டார வள மையத்தில் உட்காருவோம், கட்டகம் வாங்குவோம், கையெழுத்துப் போடுவோம், கல்வித் தகவல் தளமான எமிஸில் பதிவேற்றுவோம். 2022இல் பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று பிள்ளைகளுக்கும் ‘கனவு ஆசிரியர்’ என்று ஆசிரியர்களுக்கும் இதழ்களைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வாசிப்பு இயக்கம் வந்தது. ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நிலை பிரித்துச் சிறு நூல்கள் வகுப்புக்கு வந்தன. நல்ல காரியங்கள், நான் வாயாரப் பாராட்டுவேன். பிள்ளைகள் அந்தச் சின்னப் புத்தகங்களைப் பிடுங்கிப் படிப்பதைக் கண்டிருக்கிறேன். வாசிப்புக்கு ஓர் இயக்கம் வந்ததுபோல எழுத்துக்கும் வர வேண்டும், அது ஆசிரியர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. இதழ் வந்துவிட்டால் எழுதுபவர்கள் தாமாக வருவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். வருகிறவர்கள் ஏற்கெனவே எழுதுகிறவர்கள். மற்றவர்கள் பாடக்குறிப்புக்கு அப்பால் எதையும் எழுதி இருபது ஆண்டு ஆகியிருக்கும்.

அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு சனிக்கிழமை மதியம் சிலர் கூடினோம். தமிழாசிரியர்கள் மூன்று பேர், ஓர் அறிவியல் ஆசிரியை, தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர். அரைமணி நேரம் எதைப் பற்றியாவது எழுதுவது, பிறகு சுற்றி வாசிப்பது, படித்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பது. தமிழாசிரியர்கள் மூவரும் முதலில் மேற்கோள் தேடினோம். அறிவியல் ஆசிரியை, “எனக்குக் கட்டுரையெல்லாம் வராது சார்” என்று சொல்லிக்கொண்டே, சேகோ ஆலைக்குப் பக்கத்து ஊரில் தான் வளர்ந்ததை எழுதினார். கிழங்கு மாவு காயும் களம், புளித்த கழிவுநீர் நாற்றம், அந்த நாற்றத்தோடு வந்தவள் என்று பள்ளியில் தோழிகள் கேலி செய்தது, பிறகு கல்லூரியில் நொதித்தல் பாடம் நடந்தபோது வகுப்பிலேயே தனக்கு மட்டும் அது முன்னமே தெரிந்திருந்தது. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. “நொதித்தல் நடத்துறப்ப இதைப் பிள்ளைங்ககிட்டச் சொல்லுவீங்களா டீச்சர்?” என்று தலைமையாசிரியர் கேட்டார். இதுவரை சொன்னதில்லை என்றார். அடுத்த வாரம் பலகையில் எழுதியே காட்டினாராம். பாதியில் ஒரு வாக்கியம் நின்றுபோய், பிள்ளைகளே முடித்துக்கொடுத்தார்களாம்.

அடுத்த கூட்டம் செந்தாரப்பட்டியில். கணக்கு ஆசிரியர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழாசிரியர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம்: மேற்கோளுக்கு அனுமதி இல்லை, ‘திகழ்கிறது’ என்ற சொல்லுக்கும் இல்லை. கணக்கு ஆசிரியருக்கு நிபந்தனை எதுவும் கிடையாது, ஒரு பேனா மட்டும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். “சிவப்பா, நீலமா?” என்று கேட்டார்.